பீத்தோவனை நீர்வண்ணத்தில் பழக எந்தப் படத்தை முன்னால் வைப்பது?

நீர்வண்ணத்தில் முகம் வரையப் பழகுகிறவருக்கு, பத்து முகங்களைத் தலா ஒரு முறை வரைவதைவிட ஒரு முகத்தைப் பத்து முறை வரைவதே அதிகம் கற்றுத்தரும். பத்து முகங்களை வரையும்போது ஒவ்வொரு தாளிலும் புதிய தவறு ஒன்றைச் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரே முகமானால், மூன்றாவது தாளில் செய்த தவறு ஆறாவது தாளைப் போடும்போது கண்ணில் உறுத்தத் தொடங்குகிறது. இப்படிப் பழகுவதற்கு நான் எடுத்துக்கொண்ட முகம் லுட்விக் வான் பீத்தோவனுடையது. அவருடைய இசையின்மேல் உள்ள பற்று ஒரு காரணம் என்றாலும், அதுவே முதற்காரணம் அன்று. 1770-இல் பான் நகரில் பிறந்த அவர் 1827-இல் வியன்னாவில் இறந்தார். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-இல். ஆகவே அவருக்குப் புகைப்படம் கிடையாது. ஆனால் அவரை நேரில் உட்காரவைத்து வரைந்தவர்களும் வார்ப்பெடுத்தவர்களும் பலர் இருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சாட்சியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுமில்லை. ஒரே மனிதர், ஆறேழு வகை மூலங்கள் என்ற இந்த நிலை பழகுகிறவருக்குப் பெரிய வசதி. அதே நேரம், எதிலிருந்து தொடங்குவது என்ற குழப்பத்துக்கும் அதுவே காரணம்.

பெரும்பாலோர் ஷ்டீலர் வரைந்த படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கு நல்ல தாள்களை வீணாக்கிய பிறகே வேறு வழி தேடினேன். அந்தத் தேடலில் ஒவ்வொரு மூலத்தையும் குறைந்தது இரண்டு மூன்று முறையாவது வரைந்து பார்த்ததில் எனக்குப் பட்டதை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். எது சிறந்த ஓவியம் என்பது இங்கே கேள்வி அன்று. நீர்வண்ணம் பழகுகிறவர் மேசையில் எது முதலில் இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

யோசஃப் கார்ல் ஷ்டீலர் மியூனிக்கிலிருந்து வந்த ஓவியர். பீத்தோவனின் நண்பர்களான பிரெண்டானோ தம்பதியின் வேண்டுகோளுக்காக 1820-இல் அவர் வரைந்து முடித்த எண்ணெய்வண்ணப் படமே இன்று உலகம் பீத்தோவன் என்று அடையாளம் காணும் முகம்: கழுத்தில் சிவப்புக் குட்டை, கலைந்த நரைமுடி, சற்றே தாழ்ந்த தலை, மேல்நோக்கும் விழிகள், வலக்கையில் பென்சில், இடக்கையில் மிஸ்ஸா சொலெம்னிஸ் என்ற பெரும் வழிபாட்டு இசைப்படைப்பின் கையெழுத்துத் தாள்கள். பீத்தோவனின் செவி அப்போது ஏறக்குறைய முற்றிலும் அடைத்துப்போயிருந்ததால் வந்தவர்கள் குறிப்பேட்டில் எழுதித்தான் அவரோடு பேசினார்கள். அந்தத் தாளின்மேல் என்ன சுருதி என்று எழுதுவது என ஷ்டீலர் கேட்டதும் அந்தக் குறிப்பேடுகளில் பதிவாகியிருக்கிறது. படைப்பின் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டு எழுதிய அந்த ஓவியருக்கு மிகச் சில அமர்வுகளே கிடைத்தன.

இந்தப் படத்தின் அழகே தொடக்கநிலையில் இருப்பவருக்கு எதிரியாகிறது. எண்ணெய்வண்ணத்தில் இருட்டை முதலில் போட்டு ஒளியைக் கடைசியில் ஏற்றலாம். நீர்வண்ணத்தில் ஒளி என்பது நாம் தொடாமல் விட்டுவைத்த தாளின் வெள்ளை; அது போனால் போனதுதான். ஷ்டீலரின் பின்னணியோ இலை படர்ந்த இருண்ட பரப்பு. அதன்மேல் நரைமுடியின் வெளிர்கற்றைகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கின்றன. அவர் அந்தக் கற்றைகளை இருட்டின்மேல் இழுத்துவிட்டார். நாம் அதே விளைவைப் பெற வேண்டுமானால் ஒவ்வொரு கற்றைக்கும் இடையிலுள்ள இருட்டை வெட்டி வெட்டி நிரப்ப வேண்டும், அல்லது மறைப்புத் திரவம் பூசி உரிக்க வேண்டும், அல்லது ஒளிபுகாத வெள்ளையைக் கடைசியில் தீட்ட வேண்டும். மூன்றும் தனித்தனியாகக் கற்க வேண்டிய கைவேலைகள். முகம் என்ற கேள்விக்கு இவற்றோடு நேரடித் தொடர்பே இல்லை. என் முதல் நான்கு தாள்களிலும் முடிக்கு இரண்டு மணி நேரமும் முகத்துக்கு அரைமணி நேரமும் செலவிட்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஷ்டீலர் ஏற்கெனவே எல்லா முடிவுகளையும் எடுத்து முடித்துவிட்டார். எந்த விளிம்பு கரைய வேண்டும், எது கூர்மையாக நிற்க வேண்டும், கன்னத்தில் எவ்வளவு சிவப்பு, கண்ணில் எவ்வளவு கனல் என்பதெல்லாம் அங்கே தீர்ந்துபோன கணக்குகள். நாம் விடையைப் பார்த்து எழுதுகிறோம்; கணக்குப் போடுவதில்லை. போதாததற்கு, இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் அந்தக் கழுத்துக்குட்டை ஒன்றில் செங்கல் நிறமாகவும் இன்னொன்றில் இரத்தச் சிவப்பாகவும் தெரிகிறது. முகத்தின் நிறமும் அதற்கேற்ப மாறுகிறது. மூலம் பான் நகரத்து பீத்தோவன் இல்லத்தில் இருக்கிறது. அதை நேரில் காணாத நாம், எந்தப் பிரதியை நம்பி நிறம் கலக்கிறோம் என்பதே தெரியாமல் கலக்கிக்கொண்டிருப்போம்.

இனி இதற்கு நேர் எதிரான மூலத்துக்கு வருகிறேன். 1812-இல், பீத்தோவனுக்கு நாற்பத்தொரு வயது நடந்தபோது, பியானோ செய்பவரான ஷ்ட்ரைஹர் தம் இசைக்கூடத்தில் வைக்க ஒரு மார்பளவுச் சிலை வேண்டுமென்று விரும்பினார். அதற்காக ஃப்ரான்ஸ் க்ளைன் என்ற சிற்பி பீத்தோவனின் முகத்தின்மீது நேரடியாக ஈரச் சுண்ணத்தை அப்பி அச்செடுத்தார். மூச்சு முட்டிவிடும் என்று அஞ்சி முதல் முறை பீத்தோவன் அதைப் பிய்த்தெறிந்துவிட்டார் என்றும், இரண்டாவது முயற்சியே கைகூடியது என்றும் சொல்லப்படுகிறது. அப்படிக் கிடைத்த உயிர்முகமூடியில் எந்த ஓவியரின் பாராட்டும் கலக்கவில்லை. அகன்ற முகம், குட்டையான தடித்த மூக்கு, இறுகப் பூட்டிய வாய், மோவாயில் ஆழமான பிளவு, தோலில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் எல்லாம் அவற்றின் உண்மையான அளவிலேயே பதிந்திருக்கின்றன. அவருடைய முகத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிக நம்பகமான சான்று இதுவே.

நீர்வண்ணக்காரருக்கு இந்த முகமூடி ஒரு வரப்பிரசாதம் என்பது என் உறுதியான கருத்து. முதலில், அது வெள்ளை. வெள்ளைப் பொருளை வெள்ளைத் தாளில் வரையும்போது, ஒளிபட்ட இடம் எல்லாமே தாள். நாம் தீட்ட வேண்டியது நிழலை மட்டும். தோலின் நிறம் என்ற பெரிய குழப்பம் அடியோடு நீங்கிவிடுகிறது. இரண்டாவதாக, அது முப்பரிமாணப் பொருள். ஓவியம் எத்தனை முறை பார்த்தாலும் ஒரே கோணத்தில்தான் இருக்கும். முகமூடியையோ நேராகவும், முக்கால் பக்கமாகவும், முழுப்பக்கவாட்டிலும் எடுத்த புகைப்படங்கள் கிடைக்கின்றன. கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் அதன் சுண்ணப் பிரதி ஒன்றையே வாங்கி, மேசை விளக்கை இடமும் வலமும் நகர்த்தி வைத்து, விரும்பிய நிழலை நாமே விழவைக்கலாம். மூன்றாவதாக, அதில் வசீகரம் கிடையாது. ஷ்டீலர் படத்தைப் பார்த்துப் போட்டதில் சிவப்புக் குட்டையும் கலைந்த முடியும் வந்துவிட்டால், முகம் தப்பாக இருந்தாலும் பார்ப்பவர் பீத்தோவன் என்று சொல்லிவிடுவார். முகமூடியில் அந்தச் சலுகை இல்லை. மூக்கின் அடி ஒரு நூல் இறங்கினாலும் அது வேறு யாரோ ஒருவரின் முகம்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து காட்டுகிறேன். முழுத் தாளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஏழரைக்குப் பதினொன்று அங்குலத் துண்டு போதும். பென்சிலில் முகத்தின் வெளிவரை, இமைகள் மூடும் கோடு, மூக்கின் அடி, உதடுகள் சேரும் கோடு, மோவாய்ப் பிளவு ஆகியவற்றை மட்டும் குறிக்கிறேன். ஒளி இடப்புறம் மேலிருந்து விழும் புகைப்படமாக எடுத்துக்கொண்டால், வலக்கண் குழி, மூக்கின் வலச்சரிவு, மேலுதடு, கீழுதட்டின் அடி, வலக்கன்னம், மோவாயின் கீழ்ப்புறம் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே நிழல்பரப்பாக நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும். பிரெஞ்சு அல்ட்ராமரின் என்ற நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து ஒரு நடுத்தரச் சாம்பல் செய்து, பெரிய உருண்டைப் பிரஷில் நிறைய எடுத்து, அந்தப் பரப்பு முழுவதையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும். மூக்கை ஒரு தடவை, கன்னத்தை ஒரு தடவை என்று தனித்தனியாக நிரப்பினால் முகம் ஒட்டுப்போட்ட துணிபோல ஆகிவிடும். நிழல் ஒளியோடு சேரும் இடங்களில் எலும்பு திரும்பும் விளிம்பைக் கூர்மையாகவே விட்டுவிட்டு, கன்னம் போன்ற சதைப்பற்றுள்ள இடத்தில் மட்டும் பிழிந்த ஈரப்பிரஷால் விளிம்பை இளக்க வேண்டும். நெற்றியின் பக்கவாட்டு எலும்பு எங்கே திரும்புகிறது, கன்னத்தின் சதை எங்கே தொடங்குகிறது என்பதை இந்த ஒரே வாஷ், அதாவது நீர்த்த நிறத்தை ஒரே பரப்பாகப் பூசும் பூச்சு, கையில் பதித்துவிடுகிறது. அல்ட்ராமரினின் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்குவதால் சுண்ணத்தின் சொரசொரப்பும் தானாகவே வந்துவிடுகிறது.

பாதி காய்ந்த வாஷைத் தொட்டால் என்ன ஆகும் என்பதும் இங்கேதான் நன்றாகத் தெரியும். என் இரண்டாவது முகமூடித் தாளில் கன்னத்து நிழல் பளபளப்பு நீங்கி மங்கத் தொடங்கிய நேரத்தில் தண்ணீர் அதிகமுள்ள பிரஷை வைத்தேன். காலிஃபிளவர் போன்ற ஒரு வெளிர்ப்பூ கன்னத்தில் பூத்தது. அம்மைத் தழும்பு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அதைப்போல நான்கு மடங்கு பெரிய தழும்பு உலகில் யாருக்கும் இருக்காது. கடலோர ஊரில் ஐப்பசி மழை நாளில் ஒரு வாஷ் காய வெகுநேரம் பிடிக்கும். சித்திரையில் மின்விசிறியின் கீழ் அமர்ந்தால் பிரஷ் மறுமுனைக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்துவிடும். ஈரத்தைக் கணிக்கும் இந்தப் பழக்கத்தை, நிறத்தைப் பற்றிய கவலை இல்லாத ஒரு பொருளில் முதலில் சம்பாதித்துக்கொள்வது நல்லது.

முகமூடியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கண்கள் மூடியிருக்கின்றன, முடியில்லை, காதில்லை, பின்மண்டையில்லை, ஆகவே தலை என்ற முழு உருண்டையை அது கற்றுத்தராது. அதைவிட முக்கியமானது அந்த வாய். பீத்தோவனின் கடுகடுப்பு, விதியோடு போராடும் உறுதி என்றெல்லாம் பின்னால் வந்தவர்கள் அந்த இறுகிய உதடுகளில் படித்தார்கள். முகத்தின்மேல் ஈரச் சுண்ணத்தின் பாரம் அழுத்த, மூக்கால் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டு, உதட்டைத் திறந்தால் உள்ளே புகுந்துவிடும் என்ற அச்சத்தோடு கிடந்த எவருடைய வாயும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எலும்பைப் பொறுத்தவரை முகமூடியை முழுமையாக நம்பலாம். மனநிலையைப் பொறுத்தவரை நம்பக் கூடாது.

இணையத்தில் தேடுகிறவருக்கு ஓர் எச்சரிக்கை: இந்த 1812 உயிர்முகமூடியின் படங்கள் பல இடங்களில் மரணமுகமூடி என்ற தவறான பெயரோடு உலவுகின்றன. மரணமுகமூடி என்பது வேறு. 1827 மார்ச் 26 அன்று பீத்தோவன் இறந்தார். மறுநாள் பிரேதப் பரிசோதனை நடந்தது. அதற்கும் மறுநாள்தான் யோசஃப் டான்ஹௌசர் என்ற இளம் ஓவியர் அச்செடுத்தார். பரிசோதனையில் செவிப்பகுதி எலும்புகளை அறுத்து எடுத்துவிட்டிருந்ததால் முகத்தின் அமைப்பே குலைந்திருந்தது. கன்னம் ஒட்டி, கண்குழி ஆழ்ந்து, நெற்றிப்பொட்டு உள்வாங்கியிருப்பது மரணமுகமூடி. கன்னம் நிறைந்து, மோவாய் திரண்டிருப்பது உயிர்முகமூடி. நோயும் கத்தியும் உருமாற்றிய ஒரு முகத்தை வைத்துச் சாயல் பழகுவதில் பயனில்லை. அதை நான் ஒருமுறைகூட முடிக்கவில்லை.

முகமூடியில் இல்லாத இரண்டும், அதாவது முடியும் விழியும், ஆகஸ்ட் ஃபோன் க்ளோபரிடம் கிடைக்கின்றன. 1818 கோடையில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மோட்லிங்கில் பீத்தோவன் தங்கியிருந்தபோது க்ளோபர் அங்கே போய் அவரை வரைந்தார். பீத்தோவனும் அவருடைய தம்பிமகன் கார்லும் சேர்ந்திருப்பதாகத் தீட்டிய எண்ணெய்வண்ணப் படம் காணாமல் போய்விட்டது. தலையை மட்டும் வரைந்த சித்திரம் எஞ்சியிருக்கிறது. பிற்காலத்தில் க்ளோபர் எழுதிய நினைவுக்குறிப்பு ஓவியனுக்கு வேண்டிய செய்திகளைத் தருகிறது. முடி கறுப்பிலிருந்து நரைக்குத் திரும்பிக்கொண்டிருந்ததால் நீலம் பாய்ந்த எஃகின் நிறத்தில் இருந்தது என்கிறார். அதைப் படித்த பிறகு நான் முடிக்குக் குழாய்க் கறுப்பை எடுப்பதையே விட்டுவிட்டேன். அல்ட்ராமரினோடு பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பைச் சேர்த்து, நீலம் சற்று முந்தி நிற்கும்படி கலந்தால் அவர் சொன்ன எஃகு வந்துவிடுகிறது. விழிகள் நீலச்சாம்பல் என்று அவர் எழுத, வேறு சிலர் பழுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். புருவ எலும்பின் நிழலில் ஆழ்ந்திருக்கும் சிறிய கண்களுக்கு நீர்வண்ணத்தில் ஒரு நடுநிலை இருட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியும் போதும் என்பதால், அந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

க்ளோபரின் சித்திரம் பயிற்சிக்கு ஏன் ஷ்டீலரைவிட உகந்தது என்றால், அதில் பின்னணியில்லை. முடி வெற்றுத் தாளின்மேல் விரிகிறது. நனைத்த தாளில் முடியின் வெளிவிளிம்பைக் கரையவிட்டு, நெற்றிப்பக்கம் மட்டும் காய்ந்தபின் இரண்டு மூன்று கூர்மையான வீச்சுகளைப் போடலாம். முடி என்பது இழைகளின் கூட்டம் அன்று, ஒரு நிழலுருவம் என்பது அப்போது புரிகிறது. இதில் நிறமில்லாதது குறையாகத் தோன்றலாம். பழகுகிறவருக்கு அது இன்னும் ஒரு படி அவகாசம் என்றே நான் கொள்கிறேன்.

1814-இல் அர்த்தாரியா பதிப்பகம் வெளியிட்ட செப்புத்தகட்டு அச்சுப்படத்தையும் இதே வரிசையில் வைக்கலாம். லூயி லெத்ரோன் வரைந்த சித்திரத்தை வைத்து பிளாசியுஸ் ஹோஃபெல் செதுக்கியது அது. சித்திரத்தில் நிறைவில்லாத ஹோஃபெல் தாமே நேரில் பார்க்கக் கேட்டதாகவும், சில நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பீத்தோவன் பொறுமையிழந்து பியானோவுக்குப் போய் வாசிக்கத் தொடங்கிவிட்டதாகவும், ஹோஃபெல் பக்கத்திலேயே அமர்ந்து வேலையை முடித்ததாகவும் ஒரு செய்தி உண்டு. சாயல் நன்றாக அமைந்த படம் என்று அக்காலத்தவர் அதைக் கொண்டார்கள். பீத்தோவனும் நண்பர்களுக்கு அதை அனுப்பினார். ஆனால் செதுக்குக் கோடுகளை நிழலின் அடர்த்தியாக மாற்றிப் படிப்பது தனிப்பயிற்சி. க்ளோபர் கைவசப்பட்ட பிறகு, சரிபார்த்துக்கொள்வதற்காக ஒன்றிரண்டு முறை போடலாம், அதற்குமேல் தேவையில்லை.

வால்ட்முல்லரின் 1823 படத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ப்ரைட்கோப்ஃப் உண்ட் ஹேர்டல் என்ற லைப்சிக் இசைப் பதிப்பகத்துக்காக ஒரே ஒரு அமர்வில் பார்த்து வரைந்தது அது. மூலம் இரண்டாம் உலகப்போரில் அழிந்தது. வேறு படிகளைக் கொண்டே இன்று அதை அறிகிறோம். எளிய இருண்ட உடை, வெள்ளைக் கழுத்துத்துணி, அலங்காரமற்ற பின்னணி, சிடுசிடுத்த ஐம்பத்திரண்டு வயது முகம் என்று நீர்வண்ணத்துக்கு ஏற்ற பெரிய பெரிய வடிவங்கள் அதில் உள்ளன. முதன்முதலாகத் தோல் நிறம் கலக்கப் பழகுகிறவர் ஷ்டீலருக்கு முன்னால் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் பீத்தோவனின் செயலராக இருந்த ஷிண்ட்லர் உட்பட இதைக் குறைசொன்னவர்கள் உண்டு. ஒரே அமர்வில் கிடைத்த சாயலை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயம் எனக்கும் இருக்கிறது. மேலர் 1804-05-இல் வரைந்த படமோ, கையில் லைர் என்ற நரம்பிசைக் கருவியும் தொலைவில் கோயிலுமாக உருவத்தைப் பெரிதும் முகத்தைச் சிறிதும் காட்டுகிறது. முகப்பயிற்சிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வரிசையில் ஒன்று மட்டும் நீர்வண்ணத்துக்கு நெருங்கிய உறவு. டென்மார்க் ஓவியர் கிறிஸ்டியன் ஹோர்னெமன் 1802-இல் தந்தத் தகட்டில் வரைந்த குறும்படம் அது. தந்தக் குறும்படங்கள் பொதுவாக நீர்வண்ணத்தில்தான் தீட்டப்பட்டன. எண்ணெயில் வரைந்த எல்லாப் படங்களையும் ஒதுக்கிவிட்டு இதையே முதலில் எடுக்கலாமே என்று எனக்கும் ஒருகாலத்தில் தோன்றியது. எடுத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. தந்தம் நீரை உறிஞ்சாது. வாஷ் அதன்மேல் நிற்காமல் நழுவும். அதனால் அந்தக் கலைஞர்கள் நுண்பிரஷின் நுனியால் புள்ளியும் சிறுகோடுமாக வைத்து நிறத்தைக் கட்டினார்கள். அதைப் பார்த்துப் பழகினால் நம் கையும் புள்ளிவைக்கத் தொடங்கிவிடும். பெரிய பிரஷைத் துணிந்து எடுக்கும் பழக்கம் வருவதற்கு முன்பே அது போய்விடும். போதாததற்கு, கத்தரித்த முடியும் துறுதுறுத்த கண்ணுமாக இருக்கும் அந்த இளைஞரைப் பார்த்து எவரும் பீத்தோவன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்தப் படத்தின்மேல் எனக்கொரு பிரியம் உண்டு. நெருங்கிய நண்பர் ஷ்டெஃபான் ஃபோன் ப்ராய்னிங்கோடு ஏற்பட்ட சண்டை தீர்ந்தபோது, 1804-இல் பீத்தோவன் அவருக்கு இதைத்தான் அனுப்பினார். நம்மிடையே நடந்ததெல்லாம் இந்தப் படத்தின் பின்னால் மறைந்துபோகட்டும் என்ற பொருளில் ஒரு கடிதமும் உடன் எழுதினார். பழகி முடித்தவர்கள் பின்னொரு நாள் திரும்பி வந்து வரைய வேண்டிய படம் இது.

எந்தப் படம் என்பது முடிவானால் எந்தத் தாள் என்பதும் பெரும்பாலும் அதோடு முடிவாகிவிடுகிறது. முகமூடிக்கு மரக்கூழில் செய்த 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள் போதும். அதில் நிறம் மேற்பரப்பிலேயே தங்குவதால், பிசகினால் ஈரப்பிரஷால் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடலாம். விலையும் குறைவு என்பதால் பத்துத் தாள் கெட்டாலும் மனம் கலங்காது. ஷ்டீலருக்கும் வால்ட்முல்லருக்கும் இது உதவாது. மூன்றாவது அடுக்குப் பூசும்போது கீழுள்ள அடுக்கு கிளம்பிக் கலங்கிவிடும். அங்கே முழுப் பருத்தித் தாள் வேண்டும். அது ஈரத்தை நெடுநேரம் காக்கிறது, அடுக்குகளைத் தாங்குகிறது. 200 ஜி.எஸ்.எம்.முக்குக் குறைந்த தாளை எதற்கும் வாங்க வேண்டாம். நனைத்ததும் அலையலையாகச் சுருண்டுவிடும். சொரசொரப்பைப் பொறுத்தவரை, வழவழப்பான தாளில் கண்ணும் உதடும் நுட்பமாக வந்தாலும் பெரிய வாஷ் திட்டுத்திட்டாகும் என்பதால், நடுத்தரச் சொரசொரப்புள்ள கோல்டு பிரஸ்ஸே எனக்கு ஒத்துவந்தது.

நிறங்களில் மஞ்சள் ஓக்கர், லைட் ரெட், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் ஆகிய நான்கோடு குளிர்ச்சியான சிவப்பு ஒன்று இருந்தால் வால்ட்முல்லரின் முகம் முழுவதையும் முடித்துவிடலாம். அந்தக் குளிர்ச்சிவப்புக்குப் பலர் அலிசரின் கிரிம்சனை எடுக்கிறார்கள். அது ஒளியில் வெளிறும் நிறம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் சில ஆண்டுகளில் கன்னத்து இரத்தம் வற்றிவிடும். குவினாக்ரிடோன் ரோஸ் அந்த வேலையை நிலையாகச் செய்கிறது. நெற்றி சற்று மஞ்சளாகவும், கன்னமும் மூக்கும் சிவப்பாகவும், சவரம் செய்த மோவாய் நீலம் கலந்த சாம்பலாகவும் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, மூன்றையும் ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் பக்கத்தில் இட்டு ஒன்றோடொன்று கலக்கவிட்டால், தட்டில் ‘தோல் நிறம்’ என்று தனியாக ஒன்றைக் குழைக்க வேண்டிய தேவையே எழாது.

கோட்டுப்படத்தை எப்படித் தாளுக்கு மாற்றுவது என்பதில் என் கருத்து வழக்கமான அறிவுரைக்கு மாறானது. எளிய படத்தை அச்செடுத்து ஒற்றிக்கொள்ளலாம், கடினமானதைக் கையால் வரைய வேண்டும் என்பார்கள். நான் தலைகீழாகச் செய்கிறேன். முகமூடியை ஒருபோதும் ஒற்றி எடுப்பதில்லை. அங்கே கற்க வேண்டியதே அளவுகள்தான் என்பதால், பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து மூக்கின் நீளத்தை நெற்றியோடும் மோவாயோடும் ஒப்பிட்டுத்தான் வரைகிறேன். ஷ்டீலரை வெளிச்சப்பலகையில் வைத்துத் தயங்காமல் ஒற்றி எடுக்கிறேன். அங்கே நான் கற்கப்போவது நிறமும் விளிம்பும், கோடு அன்று. கட்டம்போட்டு மாற்றும் முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. க்ளோபருக்கு அது பொருந்தும்.

வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே நேரம் கிடைக்கிறவர், முதல் இரண்டு மாதம் முகமூடியை வெவ்வேறு கோணத்திலும் ஒளியிலும் போடட்டும். அடுத்த மாதம் க்ளோபரின் தலை. பிறகு நிறத்துக்கு வால்ட்முல்லர். ஷ்டீலருக்கு வரும்போது ஏறக்குறைய நான்கு மாதம் ஆகியிருக்கும். காத்திருக்கப் பொறுமையில்லை, சுவரில் மாட்ட ஒரு பீத்தோவன் உடனே வேண்டும் என்பவர் மட்டும் நேராக ஷ்டீலருக்குப் போகலாம். அப்போதும் பின்னணியை வெளிறிய ஒரே வாஷாக மாற்றிவிட்டு, முடியின் விளிம்பை அதில் கரையவிடட்டும். இந்த வழியில் போய் நான் ஐந்தாவது முறையாக ஷ்டீலரைப் போட்டபோது, அவர் நிழலுக்குள் மறைத்துவிட்ட மோவாய்ப் பிளவு எங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. படத்தில் தேடவே இல்லை.

கைகளை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. பென்சில் பிடித்த அந்தக் கையும், இசைத்தாளைப் பற்றிய மற்றொரு கையும் முகத்துக்குச் சமமான உழைப்பைக் கேட்கின்றன. படத்தின் கீழ்ப்பாதியில் பலர் தோற்றுப்போவது அங்கேதான். தோளுக்குச் சற்றுக் கீழே, சிவப்புக் குட்டையின் முடிச்சோடு தாளை நிறுத்திவிடுங்கள். ஷ்டீலருக்கே அந்தக் கைகளுக்கு மாதிரி கிடைக்கவில்லை. அதற்குமேல் உட்கார பீத்தோவன் மறுத்துவிட்டதால், அவர் அவற்றைத் தம் மனத்திலிருந்துதான் வரைந்தார்.